டப்பாவுக்குள்ள அஞ்சு சீட்டு

எங்க வீட்டுக்காரர் மெக்கானிக். ஃப்ரிட்ஜ், ஓவன், மாவு பிசையற மெஷின், எது மூச்சை நிறுத்தினாலும் இவரைத்தான் கூப்பிடுவாங்க. ஆனா ஒரு தடவை கூப்பிட்டவங்க அடுத்த தடவை கூப்பிடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பாங்க. இவர் எழுதித் தர்ற சீட்டு பண்ற வேலை அது.

ஸ்க்ரூ டிரைவரைப் பையில இருந்து எடுக்கறதுக்கு முன்னாடியே இவர் ஒரு துண்டுக் காகிதம் எடுப்பாரு. மெஷின்ல என்ன கோளாறுன்னு தனக்குத் தோணறதை எழுதி, மடிச்சு, வீட்டுக்காரங்க கையில குடுத்துடுவாரு. "இதைப் பிரிக்காம வச்சுக்குங்க." அப்புறம்தான் மெஷினைத் திறப்பாரு. வேலை முடிஞ்சதும் அவங்களையே சீட்டைச் சத்தமாப் படிக்கச் சொல்லுவாரு. சரியா இருந்தா நோட்டுல ஒரு டிக். தப்பா இருந்தா ஒரு பெருக்கல் குறி. இருபத்திரண்டு வருஷமா இதே கூத்து. "நீங்க பார்த்தா சரியாயிடுமா?"ன்னு யாராவது ஆசையாக் கேட்டா, "நூத்துக்கு அம்பத்தெட்டு தடவை என் முதல் ஊகம் சரியா இருந்திருக்கு"ம்பாரு. கேட்டவங்க முகம் சுருங்கிப் போயிடும். வாய் நிறைய "நான் பார்த்துக்கறேன்"னு சொல்ற மெக்கானிக்கைத் தானே ஜனங்களுக்குப் பிடிக்குது?

இந்தக் கிறுக்குக்கு விதை போட்டது நான்தான். அதை எங்கே போய்ச் சொல்லி அழறது! கல்யாணமான புதுசுல எங்க மிக்ஸி நின்னு போச்சு. இவர் மோட்டார்னாரு, நான் ஒயர்னேன். ரெண்டு மணி நேரம் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு, கடைசியில பார்த்தா ஒயர். சரி, போகட்டும்னு விட்டேன். மறுநாள் இவர் சிநேகிதர் வந்தப்ப, "நான் அப்பவே ஒயர்தான்னு சொன்னேன்"னு ஜம்பமாப் பேசறாரு! எனக்கு உச்சந்தலையில ஏறிடுச்சு. பொய் சொல்றாரேன்னு முகத்தைப் பார்த்தா, பொய்யே இல்லை. நிஜமாவே அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காரு. ராத்திரியோட ராத்திரியா மோட்டார் இவர் மனசுல இருந்து கழண்டு விழுந்து, அந்த இடத்துல ஒயர் உக்காந்துடுச்சு.

"இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல எழுதி வச்சுட்டு அப்புறம் பேசுங்க!"ன்னு கத்தினேன். கோவத்துல சொன்னதுதான். வேற ஆம்பளையா இருந்தா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மறந்திருப்பான். இவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நீ சொல்றது சரி"ன்னு போய் நோட்டு வாங்கிட்டு வந்துட்டாரு.

அதுக்கப்புறம் வீட்டுல நிம்மதியா ஒரு அபிப்பிராயம் சொல்ல முடியுதா? நான் துணி காயப் போட்டாத்தான் மழை வருதுன்னு ஒரு நாள் அலுத்துக்கிட்டேன். நாலு மாசம் காலண்டர்ல குறிச்சு வச்சாரு. துணி போட்ட அறுபத்தோரு நாள்ல ஒம்பது நாள் மழை. போடாத அறுபது நாள்லயும் ஒம்பது நாள் மழை. "உனக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை"ன்னு சந்தோஷமா வந்து சொல்றாரு. பதினஞ்சு வருஷமா நான் ஆசையா வளர்த்த குறை, ஒரே சாயங்காலத்துல போச்சு.

இப்படிப்பட்ட மனுஷன் கையில என் தங்கச்சியோட வாழ்க்கை போய் மாட்டினதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கச்சியைக் குட்டின்னு கூப்பிடுவோம். என்னைவிட ஏழு வயசு சின்னவ, ஒரு முழம் குள்ளம். பக்கத்துத் தெரு பேக்கரியில மாவு பிசையற வேலை, மூணு வருஷமா. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு பையோட புருஷன் வீட்டுல இருந்து கிளம்பி வந்துட்டா. என்ன ஏதுன்னு நான் கேட்கலை. கேட்கற நிலைமையில அவ இல்லை. "எங்கூட வந்து இரு"ன்னேன். "உங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு, எழுந்திருக்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்து பயந்துக்கிட்டு இருக்க முடியாதுக்கா"ன்னுட்டா. தையல் கடைக்கு மேல ஒரு ரூம் எடுத்துக்கிட்டா. ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ், சுவத்துல ரெண்டு ஆணி. அவ்வளவுதான் அவ ராஜ்ஜியம். அந்த ரூம் நிக்கறது பேக்கரி வேலையை நம்பி. வேலை போனா ரூம் போகும். ரூம் போனா அந்த வீட்டுக்கே திரும்பணும். ஞாயித்துக்கிழமை தவறாம அவ மாமியார் ஃபோன் பண்ணும். "உன் நேரம் சரியில்லை. தொட்டது எதுவும் விளங்காது. பேசாம வந்துடு."

அந்தம்மா வாய்முகூர்த்தமோ என்னவோ, குட்டி பிசைஞ்ச ரொட்டி பொங்காமப் போக ஆரம்பிச்சுது.

பேக்கரியில தினம் ரெண்டு பேர் மாவு பிசைவாங்க. ஒருத்தன் நெட்டை. பேருக்கு ஏத்த மாதிரி வாசப்படியில குனிஞ்சுதான் நுழைவான். இன்னொருத்தி குட்டி. அதே மாவு, அதே ஈஸ்ட், அதே ஓவன். அவன் ரொட்டி கன்னம் உப்பி வரும். இவ ரொட்டி ரெண்டு விரல் தணிஞ்சு, அழுதுட்டு வந்த மாதிரி வரும். மூணு மாசமா இதே கதை.

முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனா அவருக்குத் தெரியாத விஷயம்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. ரொட்டி வாங்கப் போன என்கிட்டயே சொன்னாரு. "கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா. புருஷன் வீட்டை விட்டு வந்தாளே, அந்த மாசத்துல இருந்துதான் ரொட்டி படுத்துக்கிச்சு. நான் கவனிச்சுட்டேதான் இருக்கேன். ரொட்டியில ஒரு கசப்புகூடத் தெரியுது. மாசக் கடைசிவரைக்கும் பார்க்கறேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

நான் அங்கேயே அவரைக் கிழி கிழின்னு கிழிச்சேன். "மாவுக்குத் தெரியுமா யார் வாழறா யார் வாழலைன்னு? ஈஸ்ட் என்ன கல்யாணப் பத்திரிகை பார்த்துட்டா பொங்குது?" தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. குட்டி உள்ளே தலை குனிஞ்சு மாவைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட மூச்சு விடாமச் சொன்னேன். "நீங்க போய் அந்த ஆளை நாலு கேள்வி கேளுங்க."

"கேட்டு என்ன ஆகப்போகுது? அவர் நினைக்கறதை அவர் சொல்றாரு, நீ நினைக்கறதை நீ சொல்ற. ரொட்டியைக் கேட்டாத்தான் தெரியும்"ன்னு சட்டையை மாட்டிக்கிட்டாரு.

மறுநாள் காலையில பேக்கரியில ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேஜை மேல வச்சாரு. முதலாளி, நெட்டை, குட்டி, நான், இவர். அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு சீட்டு. ரொட்டி ஏன் தணியுதுன்னு அவங்கவங்க மனசுல இருக்கறதை எழுதிக் கையெழுத்துப் போடணும். "மத்தவங்களுக்காக எழுதக்கூடாது. யாரும் பார்க்கப் போறதில்லைன்னு நினைச்சுக்கிட்டு எழுதுங்க. காரணம் இன்னதுன்னு கெட்டியாத் தெரியற வரைக்கும் டப்பா திறக்காது. திறக்கும்போது அஞ்சையும் படிப்போம்."

நான் பேனாவை வாங்கினேன். தெருவே கேட்க நேத்துக் கத்தினவ நான். என்ன எழுதணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா இருபத்திரண்டு வருஷமா இந்த ஆளோட குடித்தனம் பண்ணி, சீட்டுல பொய் எழுதக்கூடாதுன்னு கைக்குப் பழகிப் போச்சு. சின்ன வயசுல குட்டி நட்ட செடி பட்டுப் போகும். குட்டி தொட்ட ரேடியோ நின்னு போகும். "உன் கை பட்டாலே விளங்காதுடி"ன்னு எங்கம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லும், நாங்களும் சிரிப்போம். அதெல்லாம் எந்த மூலையில கிடந்துச்சோ, தெரியலை. என் கை எழுதிடுச்சு: "அவ கைதான்."

எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அடிப்பாவி, உன் கூடப்பிறந்தவளாச்சே! வேற சீட்டு கேட்கலாம்னு பார்த்தா, அதுக்குள்ள இவர் வாங்கி மடிச்சு டப்பாவுல போட்டுட்டாரு. கறுப்பு டேப்பைச் சுத்தி, டேப் மேல வெள்ளைப் பேனாவால அஞ்சு பேர் கையெழுத்தும் வாங்கிட்டாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது பரீட்சை. இவரோட ஊகம் ஓவன். ஓவனுக்குள்ள இடது பக்கம் சூடு கம்மி, குட்டி எப்பவும் இடது பக்கம்தான் டின்னை வைக்கறா, அதனாலதான்னு இவர் நம்பினாரு. "அப்படின்னா பக்கத்தை மாத்தினா ரொட்டியும் மாறணும். மாறலைன்னா நான் சொல்றது தப்பு." தினமும் ஒரு நாணயத்தைச் சுண்டுவாரு. தலை விழுந்தா குட்டி டின் வலது பக்கம், பூ விழுந்தா இடது பக்கம். எந்த மூட்டை மாவு யாருக்கு, யார் முதல்ல பிசையறது, எல்லாம் நாணயம்தான். டின்னுக்கு அடியில வட்டமும் கோடும் கீறி வச்சாரு. எது யாரோடதுன்னு சாயங்காலம்தான் வெளியே வரும்.

உசரம் அளக்க ஒரு ஆள் வேணும். "நான் அளக்கறேன்"னேன்.

"நீ வேண்டாம். உனக்கு உன் தங்கச்சி ஜெயிக்கணும்."

"அப்ப நீங்களே அளங்க."

"எனக்கு என் சீட்டு ஜெயிக்கணும். நானும் வேண்டாம்."

கடைசியில குட்டி ரூமுக்குக் கீழே தையல் கடை வச்சிருக்கற அம்மாவைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மாவுக்கு ரொட்டியும் பிடிக்காது, யார் சண்டையிலயும் அக்கறை கிடையாது. கழுத்துல தொங்கற டேப்பை எடுத்து, ரவிக்கைக்கு அளவு எடுக்கற மாதிரி ஒவ்வொரு ரொட்டியா அளந்து, இஞ்சு இஞ்சா வாய்விட்டுச் சொல்லிட்டு, "போகலாமா? ஜாக்கெட் பாதியில நிக்குது"ன்னு போயிடும். இப்படி ஒரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

முதலாளியையும் இவர் விடலை. "கசப்பு தெரியுதுன்னீங்களே. தினம் ரெண்டு துண்டு தரேன். எது அவ பிசைஞ்சதுன்னு சொல்லுங்க." ரெண்டும் ஒரே அளவுல வெட்டின நடுப்பாகம். முதலாளி கண்ணை மூடி, மென்னு, நாக்கைச் சப்புக் கொட்டி, பெரிய நீதிபதி மாதிரி தலையை ஆட்டிச் சொல்லுவாரு. "இதான். சந்தேகமே இல்லை." பன்னெண்டு நாள். ஆறு நாள் சரி, ஆறு நாள் தப்பு. நெட்டையோட ரொட்டியைத் தின்னுட்டு, "ஐயோ, இந்தக் கசப்பு!"ன்னு ஒரு நாள் தண்ணி குடிச்சாரு பாருங்க, நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன்.

ஆனா சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கலை. பன்னெண்டாவது நாள் சாயங்காலம் இவர் நோட்டைப் பிரிச்சுக் கூட்டிப் பார்த்துட்டு, குரலே மாறாமச் சொன்னாரு. "கசப்பு வெறும் பிரமை. ஆனா உசரம் நிஜம். பன்னெண்டு நாள்ல பதினோரு நாள் குட்டி ரொட்டிதான் தணிஞ்சிருக்கு. இடது பக்கம் வச்சாலும் சரி, வலது பக்கம் வச்சாலும் சரி. ஓவன் மேல தப்பில்லை. என் ஊகம் தப்பு."

"பார்த்தீங்களா! நான்தான் சொன்னேனே!"ன்னு முதலாளி தொடையைத் தட்டினாரு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக் கதவைச் சாத்தினதும் பிடிச்சுக்கிட்டேன். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் அவ தலையில கல்லைப் போட்டான். கூட நிப்பீங்கன்னு உங்களைக் கூட்டிட்டுப் போனேன். நீங்க அளந்து பார்த்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க! ரெண்டு நாள் கணக்கை மாத்திச் சொன்னா வானம் இடிஞ்சா விழும்?"

"மாத்திச் சொன்னா அவ வேலை ஒரு மாசம் தாங்கும். ரொட்டி நாளைக்கும் தணிஞ்சுதானே இருக்கும்?"

"அப்ப அவ கைதான் காரணமா? அதைச் சொல்லுங்க!"

"அது தெரியலை. அவ பிசைஞ்சது தணியுதுன்னு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒம்பது நாள் இருக்கு." சாப்பாட்டைத் தள்ளி வச்சுட்டு நோட்டை எடுத்துக்கிட்டாரு. எனக்கு அந்த நோட்டை அடுப்புல போடணும்போல இருந்துச்சு.

மறுநாள் இவர் குளிக்கப் போன நேரம், பீரோ மேல இவர் கொண்டு வந்து வச்சிருந்த டப்பாவை எடுத்தேன். என் சீட்டை மட்டும் உருவிட்டா போதும். டேப்போட ஓரத்தை நகத்தால கிளப்பினேன். சரியா அந்த இடத்துல குட்டியோட கையெழுத்து. நாலாங்கிளாஸ்ல எழுதின மாதிரியே இன்னும் உருண்டை உருண்டையா எழுதறா. என்னால கிழிக்க முடியலை. ஓரத்தை மறுபடி அழுத்தி ஒட்டி, இருந்த இடத்துலயே வச்சுட்டேன்.

ஈரத் தலையோட இவர் வெளியே வந்தாரு. "பன்னெண்டுல பதினொண்ணு"ன்னாரு.

"அதான் நேத்தே சொல்லிக் கொன்னுட்டீங்களே."

"அந்த ஒரு நாள், ஒம்பதாவது நாள், அவ ரொட்டி நல்லாப் பொங்கியிருக்கு. கைராசி அன்னிக்கு மட்டும் லீவு போட்டுச்சா?"

நேரா பேக்கரிக்குப் போனோம். முதலாளிகிட்ட கேட்டா, "அது குருட்டு அதிர்ஷ்டம்"னாரு. அவர் கட்சிக்குச் சேராத நாள் அதிர்ஷ்டம், சேர்ந்த நாள் எல்லாம் அத்தாட்சி! இவர் நெட்டையைப் பிடிச்சு உக்கார வச்சு, ஒம்பதாவது நாள் காலையில இருந்து என்னென்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாமக் கேட்டாரு. வந்தது, போனது, துடைச்சது, தூக்கினது. கடைசியில நெட்டை தலையைச் சொறிஞ்சான்.

"அன்னிக்குப் பெரிய கேக் ஆர்டர் அண்ணே. அலமாரியோட கீழ் தட்டெல்லாம் காலி கேக் பெட்டியா அடுக்கியிருந்துச்சு. அக்காவுக்கு டின் வைக்க இடமில்லை. நான்தான் வாங்கி மேல் தட்டுல வச்சேன்."

பிசைஞ்ச மாவைப் பொங்க விடறதுக்குன்னு அங்கே ஒரு இரும்பு அலமாரி உண்டு, பத்துத் தட்டு. பன்னெண்டு டின் அடுக்கின ட்ரே லேசுப்பட்ட கனம் இல்லை. நெட்டை நின்ன வாக்குலயே மேல வச்சுடுவான். குட்டிக்கு இடுப்பு உசரத்துக்கு மேல தூக்க வராது. மூணு வருஷமா அவளுக்குக் கீழ் தட்டுதான். மாவுக்கும் மூட்டைக்கும் ஓவனுக்கும் நாணயம் சுண்டினோமே, தட்டுக்கு யாரும் சுண்டலை. தட்டுன்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் கண்ணுல படலை.

இவர் தரையில தடால்னு குப்புறப் படுத்தாரு. மயக்கமோன்னு நான் பதறிப் போயிட்டேன். கன்னத்தைத் தரையில வச்சுக்கிட்டு அலமாரிக்கு அடியில ஊர்ந்து போனவரு, அங்கேயே கொஞ்ச நேரம் அசையாமக் கிடந்தாரு. வெளியே வந்தப்ப மூஞ்சி முழுக்க மாவு. முகத்துல ஈயாடலை.

"அடியில ஜில்லுனு காத்து வருது"ன்னாரு. "குளிர் அறையில இருந்து."

அலமாரிக்குப் பின்னாடிதான் கிரீம் கேக் வைக்கற குளிர் அறை. அதோட கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு விரல் இடுக்கு. அந்தக் குளிர் நேரா கீழ் ரெண்டு தட்டுலயும் வந்து உக்காருது. குளிர்ல ஈஸ்ட் எங்கே பொங்கும்? அந்தக் குளிர் அறை வந்து மூணு மாசம்தான் ஆகுது. குட்டி புருஷன் வீட்டுல இருந்து வந்ததும் கிட்டத்தட்ட அதே சமயம். ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்திருக்கு. ஊரே சேர்ந்து அதுல பொம்பளையைப் பிடிச்சுக்கிச்சு, கதவை விட்டுடுச்சு.

சரி, அந்தக் கதவை மாட்டின மகானுபாவன் யாரு? வேற யாரு, சாட்சாத் எங்க வீட்டுக்காரர்தான்!

"முதலாளி, இந்தக் கதவை மாட்டினது நான். அடியில ரப்பர் பட்டை வைக்கணும். அன்னிக்கு ரப்பர் தீர்ந்து போச்சு, அடுத்த வாரம் வச்சுக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்"னாரு. யார் மாட்டினதுன்னு யாரும் கேட்கலை. வாயை மூடிக்கிட்டு ஒரு ரப்பரை ஒட்டிட்டு வந்திருந்தா நாய்கூடக் கண்டுபிடிச்சிருக்காது. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஆனா முந்தின நாள் ராத்திரி கணக்கை மாத்தச் சொன்ன வாயால எதையும் சொல்ல எனக்கு நா எழலை.

குட்டி ஓடி வந்து அலமாரியைத் தொட்டா. "அப்ப என் கை இல்லையா மாமா?"

"அவசரப்படாதேம்மா. இதுவும் இப்போதைக்கு என் ஊகம்தான். போன ஊகத்தையும் இதே மாதிரிதான் நம்பினேன்."

மனுஷனா இவரு! அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி நிக்குது, "ஆமாம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும்? சொல்லலை. மறுபடி நாணயம், மறுபடி வட்டமும் கோடும், மறுபடி தையல்காரம்மா. இப்ப யாரோட ட்ரே எந்தத் தட்டுங்கறதுக்கும் நாணயம். ஆறு நாள். குட்டிக்கு ஏறி நிக்க ஒரு ஸ்டூல். ஆறு நாளும் கீழ் தட்டுல இருந்த ரொட்டி தணிஞ்சுது, மேல் தட்டுல இருந்தது பொங்குச்சு. நாலு நாள் கீழ் தட்டு நெட்டைக்கு. தணிஞ்ச ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டு அவன் பேந்தப் பேந்த முழிச்சதைப் பார்க்கணுமே. "எனக்கு எந்தப் பொண்டாட்டியும் ஓடிப் போகலையே அண்ணே, கல்யாணமே ஆகலையே!"ன்னான். அப்புறம் கதவுக்கு அடியில ரப்பர் ஒட்டி மூணு நாள் அளந்தாங்க. மேல், கீழ், அவன், இவ, எல்லாம் ஒரே உசரம். மாசம் முடிய அன்னிக்கு ஒரு பொழுது கூட மிச்சம் இல்லை.

முதலாளி ரெண்டு ரொட்டியையும் கையில தூக்கிப் பார்த்துட்டு, சாவகாசமா ஒரு வார்த்தை சொன்னாரு. "எனக்கு அந்தக் கதவு மேல முதல்ல இருந்தே ஒரு சந்தேகம். நான் அப்பவே சொன்னேன்."

எனக்கு என் பழைய மிக்ஸி ஞாபகம் வந்துடுச்சு. இவர் பையில இருந்து டப்பாவை எடுத்து மேஜை மேல வச்சாரு.

முதலாளி மூக்கு உடையணும்னு ஆசைப்பட்ட நான்தான் அந்த நேரம் பூமி பிளந்து உள்ளே போயிடலாமான்னு பார்த்தேன். டேப் கிழியற சத்தம் எனக்கு மட்டும் பெருசாக் கேட்டுச்சு.

முதல் சீட்டு முதலாளியோடது. அவரையே படிக்கச் சொன்னாரு. "அவ கை"ன்னு படிச்சவரு, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. கையெழுத்து அவரோடதுதான், தேதியோட. "நானா எழுதினேன்?"னு கேட்டாரு. நிஜமாவே கேட்டாரு, பாவம். நெட்டையோடது: "அக்கா தூக்கம் இல்லாம வந்து சரியாப் பிசையலை." இவரோடது: "ஓவன், இடது பக்கம்." நோட்டுல ஒரு பெருக்கல் குறி போட்டுக்கிட்டாரு. மிச்சம் ரெண்டு சீட்டு.

"இது என் பொண்டாட்டியோடது"ன்னு எடுத்தாரு.

"வேண்டாம்"னேன். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அன்னிக்கு வாசல்ல அவ்வளவு கத்தினவ இப்ப ஏன் வேண்டாங்கறான்னு.

குட்டி கையை நீட்டி அதை வாங்கிக்கிட்டா. பிரிச்சா. உதடு அசையாமப் படிச்சா. நான் அவ முகத்தைப் பார்க்கலை, அவ கையைத்தான் பார்த்தேன். நகத்துக்கெல்லாம் மாவு ஏறி, உள்ளங்கை காய்ச்சுப் போய், அந்தச் சின்னக் கை.

"குட்டி, நான்..." அதுக்கு மேல வரலை.

அவ டப்பாவுல கிடந்த கடைசிச் சீட்டை எடுத்து என் கையில வச்சா. உருண்டை உருண்டையான எழுத்து. "என் கைதான்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அவளும் அதையே நம்பியிருக்கா. மூணு மாசமா தினம் காலையில அந்தக் கையை மாவுக்குள்ள விடும்போதெல்லாம் அதை நினைச்சுக்கிட்டேதான் விட்டிருக்கா. நான் அவளைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன். "அக்கா, ரவிக்கையெல்லாம் மாவு ஆகுது"ன்னு சொல்லிக்கிட்டே அவளும் அழுதா, நடுவுல சிரிச்சா.

"அஞ்சுக்கு அஞ்சும் தப்பு"ன்னு இவர் நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தாரு. இந்த மனுஷனுக்கு நேரம் காலமே கிடையாது. ஆனா எழுதி முடிச்சு மூக்கை உறிஞ்சினாரு, அதை நான் பார்த்தேன்.

வேலை நிலைச்சுது, ரூமும் நிலைச்சுது. ஸ்டூலையும் முதலாளி எடுக்கச் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை அவ ரூம்ல உக்காந்திருந்தேன். ஃபோன் வந்துச்சு. மாமியார் குரல் எனக்கே கேட்டுச்சு. நேரம் சரியில்லை, தொட்டது விளங்காது, இப்பவாவது வந்துடு. வழக்கமா இந்த இடத்துல குட்டி "சரிங்க, சரிங்க"ன்னு முணுமுணுப்பா. அன்னிக்கு முழுசையும் பொறுமையாக் கேட்டா.

"அத்தை, நீங்க சொன்னதை அப்படியே ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியோட அனுப்பி வைங்க"ன்னா. "மாமா டப்பாவுல போட்டு வைக்கச் சொல்றேன். ஒரு வருஷம் கழிச்சுப் பிரிச்சுப் பார்ப்போம்."

ஃபோனை வச்சுட்டு, குட்டி கையைக் கழுவிக்கிட்டு எனக்கு டீ போட எழுந்தா.